ராஜபார்ட்டின் ஈறு

வில்லாபுரம்
12-1-1934

மகா கனம் பொருந்திய ராஜபார்ட் அவர்களுக்கு, வீட்டுக்காரி முனியாயி எழுதுவது.

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நீங்கள் நாடகத்துக்குக் கிளம்பின காலையில் மென்று போட்ட வேப்பங்குச்சியைப் பார்த்தேன், முனையெல்லாம் ரத்தம். ஈறும் சிவந்து வீங்கிக் கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றால் வெற்றிலையைக் குதப்பிக்கொள்கிறீர்கள். சிவப்போடு சிவப்பாகப் போய்விட்டால் யாருக்குத் தெரியும் என்ற நினைப்பு.

முனியாயி

மேலூர் முகாம்
20-1-1934

முனியாயிக்கு,

என்னோடு ஸ்திரீபார்ட் போட்டவள், பிள்ளை பெற்றதும் வைத்தியச்சி ஆகிவிட்டாயாக்கும். வலி இருந்தால்தானே வியாதி? உடம்புச் சூடு ஈறு வழியாக இறங்குகிறது, நிறுத்தினால் தொண்டையைப் பிடிக்கும். ஊரே என் பாட்டுக்குச் சொக்கி நிற்கிறது. நீ அடுப்பைப் பார்.

கருத்தக்கண்ணன்

வில்லாபுரம்
3-8-1936

ராஜபார்ட் அவர்களுக்கு,

மறுபடி உங்களோடு மேடை ஏறினது என் புத்திகெட்டதனம். காதல் பாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று நாலு பேர் பார்க்கக் கத்தினீர்கள். திருப்பாமல் என்ன செய்ய? வாயைத் திறந்தால் நிற்க முடியவில்லை. ஈறு இறங்கிப்போய்ப் பல்லெல்லாம் நீளநீளமாகத் தெரிகிறது, இடுக்கில் சீழ் வேறு. அதுவும் சூடுதான் என்பீர்கள். இனி வேறு ஸ்திரீபார்ட் பார்த்துக்கொள்ளுங்கள். மூக்கில்லாதவளாகப் பாருங்கள்.

முனியாயி

சோழவந்தான் முகாம்
9-2-1939

அன்புள்ள முனியாயிக்கு,

சௌக்கியமா? பிள்ளை சௌக்கியமா? ரெண்டு வருஷமாக ஆடிக்கொண்டிருந்த முன்பல் நேற்று பாட்டின் நடுவில் மேடையிலேயே விழுந்துவிட்டது. சனம் அம்புட்டும் சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, முனியாயி. டாக்டரிடம் போனேன். ஈறுக்கு அடியில் எலும்பே கரைந்துவிட்டதாம். ரத்தம் வந்த காலத்திலேயே வந்திருந்தால் நிறுத்தியிருக்கலாமாம். மிச்சத்தையும் பிடுங்க வேண்டுமாம்.

பழங்காநத்தம் திருவிழா நாடகத்துக்கு ஏஜெண்டு ஹாலாஸ்யம்தான் ஆள் பிடிக்கிறார். ராஜபார்ட்டுக்கு வேறு ஆள் தேடுவதாகக் கேள்வி. உன் பேச்சுக்கு அவரிடம் மதிப்பு உண்டு. எனக்கே தரச் சொல்லு. இது போனால் எனக்கு வேறொன்றுமில்லை.

கருத்தக்கண்ணன்

வில்லாபுரம்
16-2-1939

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்களுக்காகப் பேசத்தான் போனேன். பல்லில்லாத ராஜாவை யார் பார்ப்பார்கள் என்று ஏஜெண்டு கேட்டார். அந்தப் பாட்டெல்லாம் எனக்கே மனப்பாடம் என்றேன். பேச்சு முற்றி, ராஜபார்ட்டை நானே போடுவதாக முடிந்திருக்கிறது. மீசையும் தலைப்பாகையும் எனக்குப் பொருத்தமாக இருக்கிறது என்கிறார்கள்.

உங்களை நான் விட்டுவிடவில்லை. பல் விழுந்ததற்குச் சனம் அம்புட்டுச் சிரித்ததே, அதைச் சொல்லித்தான் உங்களுக்குப் பபூன் வேஷம் கேட்டு வாங்கியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒத்திகை. வர மனசில்லை என்றால் ஒரு வரி எழுதிவிடுங்கள், அந்த வேஷத்துக்கு வீரணன் காத்திருக்கிறான்.

முனியாயி