புளிச்சைக் கீரைக்கு ஒரு வழக்கு

மேலகரம்,
9-8-59

சிரஞ்சீவி காந்திமதிநாதனுக்கு அம்மா ஆசீர்வாதம். நானும் உன் தங்கை இராமலட்சுமியும் நலம், பம்பாய் மழையில் நனைந்து காய்ச்சலை இழுத்துக்கொள்ளாமல் உன்னை விசுவநாதர் பார்த்துக்கொள்ளட்டும். குற்றாலத்தில் நல்ல சாரல், துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை. உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்துப் போட்டு விஷயத்தை முடித்துவிடுங்கள், இல்லையென்றால் என் வேலைக்குக் கெடுதல் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் வந்த கோபத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

நடந்ததை முழுதாகக் கேள். கள்ளத்தனமாகக் கஞ்சா பயிரிடுகிறவர்களைப் பிடிக்க சர்க்கார் சட்டத்தை இறுக்கியிருக்கிறதாம், செடி யார் நிலத்தில் நின்றாலும் நிலத்துக்காரர்தான் குற்றவாளியாம். புதிதாக வந்திருக்கும் இன்ஸ்பெக்டர் பட்டணத்துக்காரர், நம் தோட்டத்து வேலியோரம் நின்ற புளிச்சைக் கீரையைப் பார்த்துவிட்டு, இலை விரல் விரித்த மாதிரி இருக்கிறது, கஞ்சாவேதான் என்று வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள், புளிக்கும் என்றேன். போதை ஏறிவிடும் என்று பயந்தாரோ என்னவோ, தொடவில்லை. செடி ஸ்டேஷனில் சருகாகிவிட்டது. இப்போது தப்பென்று தெரிந்தும் இன்ஸ்பெக்டருக்குப் பின்வாங்க வெட்கம். நான்தான் வளர்த்தேன், மன்னிக்கவும் என்று எழுதிய தாளோடு கிராம முன்சீப் தங்கசாமி வந்து, போட்டுருங்க ஆச்சி, சின்ன அபராதத்தோட போயிரும், எதுக்கு வீம்பு பண்ணுதிய என்றார். மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

எனக்குச் சட்டத்தின் மேல் கோபமில்லை, நல்ல சட்டம், முப்பது வருஷத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும். உன் மாமா பால்வண்ணநாதன், என் கூடப்பிறந்த ஒரே தம்பி, அருவிக்கரைச் சாமியார்களோடு சேர்ந்து அந்தப் புகையைக் குடித்துக் குடித்து, கடைசியில் அக்காவையே அடையாளம் தெரியாமல் செத்தான். அவன் வாயில் பால் ஊற்றிய கையால் கஞ்சா வளர்த்தேன் என்று எழுதித் தரவா? உனக்கு உன் வேலை பெரிது, தப்பில்லை. ஆபீசில் யாராவது கேட்டால் என் அம்மா பிடிவாதக்காரி, சொன்னால் கேட்க மாட்டாள் என்று சொல்லிக்கொள்.

புதன்கிழமை தென்காசிக் கோர்ட்டில் வாய்தா. பிடுங்காமல் விட்ட செடி ஒன்று நிற்கிறது, வேர்மண்ணோடு கொண்டுபோகிறேன், கொஞ்சம் கீரையைக் கடைந்தும் எடுத்துப்போவேன், மாஜிஸ்திரேட் ஐயா ருசி பார்த்துச் சொல்லட்டும். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். கோர்ட் படி ஏறப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன்.

இப்படிக்கு,
கஞ்சா வளர்க்காத உன் அம்மா,
செண்பகவல்லி