மகிழ்விப்பேன் என்கிற மாத்திரை

பிப்ரவரி 10

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் விளக்கத் தாள்களைத் தமிழாக்குவது என் பிழைப்பு. இன்று 'பிளாசிபோ'வில் மாட்டிக்கொண்டேன். 'போலி மருந்து' என்று எழுதினேன். "கடைக்காரன் ஏமாத்தின மாதிரி இருக்கும்மா" என்றார் மேலாளர். 'வெற்று மாத்திரை'? "காலி டப்பான்னு நெனச்சுப்பாங்க." இவருக்கு எதுதான் பிடித்திருக்கிறது!

வேறு சொல்லென்றால் சண்டை போட்டிருப்பேன். இது என் வீட்டுக்காரர் தினமும் விழுங்குகிற சொல்லாகவும் இருக்கலாம். அவருடைய கைநடுக்கத்துக்குப் புது மருந்தொன்றைச் சோதிக்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு — அதுதான் பிளாசிபோ. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. நடுக்கம் நின்றால் அவருடைய வாட்ச் ரிப்பேர் கடை பிழைக்கும். நிற்காவிட்டால் மூடவேண்டியதுதான்.

பிப்ரவரி 17

கை தேவலாம் என்கிறார். எனக்கு முழுசாகச் சந்தோஷப்படத் தெரியவில்லை. மருந்தா, மாவா? மாவென்றால், சோதனை முடிந்ததும் நடுக்கம் திரும்பிவிடுமா?

டீ குடிக்கிற பழக்கம்கூட மாறிவிட்டது. கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற மனிதர், "அங்க வை, ஆறட்டும்" என்கிறார். மருந்தால் வாய் வெந்திருக்குமோ? அவருக்குக் கொடுத்த தாளில் அப்படி ஒன்றும் இல்லையே.

பிப்ரவரி 20

அகராதிகளைப் புரட்டியதில் குழப்பம் கூடியதுதான் மிச்சம். பிளாசிபோ லத்தீன் சொல். பொருள்: 'மகிழ்விப்பேன்'. இறந்தவர்களுக்கான கிறிஸ்தவ வழிபாட்டில் முதலில் வருமாம். சாப்பாட்டுக்காகவே இழவு வீட்டில் நுழைந்து அதைப் பாடியவர்களும் உண்டாம். ஆங்கிலத்தில் காக்காய் பிடிப்பதற்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நோயாளியின் மனம் குளிர டாக்டர் கொடுக்கும் மாத்திரை என்பதெல்லாம் பிறகுதான். அதே வேரிலிருந்து வந்ததை ஆங்கிலத்தில் 'ப்ளீஸ்' என்று கெஞ்சுவதற்கு வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சில் அது இன்பம். இத்தாலியர்கள் அதையே முதல்முறை கைகுலுக்கும்போது சொல்கிறார்கள்.

இழவுப் பாட்டும் கைகுலுக்கலும் ஒரே குடும்பமா? சரி, மகிழ்விப்பேன் என்கிறதே — யார் சொல்வது? டாக்டரா, மாத்திரையா?

அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். "நல்ல வார்த்தைதான்" என்று எழுந்து போய்விட்டார்.

மார்ச் 2

லீவே விடாத கடை பூட்டியிருந்தது, "பேங்க் வரைக்கும் போயிருந்தேன்" என்கிறார் — ஞாயிற்றுக்கிழமையிலா?

மார்ச் 11

சோதனை முடிந்துவிட்டது. நர்ஸ் போன் செய்தார், நான் எடுத்தேன். அவருக்குக் கிடைத்தது நிஜ மருந்தாம்! அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

"அப்ப இதையே தொடர்ந்து சாப்பிடலாம்ல?"

"எதுக்கும்மா? அவரு நடுக்கம்தான் மருந்துக்குக் கேக்கவே இல்லையே. வர்றப்பல்லாம் கை நடுங்குதான்னு பாக்கப் பேப்பர்ல சுருள் கோடு போடச் சொல்லுவோம். முதல்ல எப்படிப் போட்டாரோ, கடைசி வரைக்கும் அப்படித்தான். வீட்ல சொல்லலையா?"

சொல்லவில்லை. அவர் வந்ததும் கேட்டேன். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மொத வாரம் சும்மா தேவலாம்னு சொல்லி வெச்சேன். உன் முகத்தப் பாக்கணுமே அப்ப! அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

திட்டினேன். அழுதேன். என்ன மனுஷன் இவரு! யாரு கேட்டா? ஒரு மாசமா மருந்தா மாவான்னு மண்டையை உடைச்சுக்கிட்டேனே — மருந்து நிஜம். தேவலாம்னு சொன்னதுதான் இவர் எனக்குக் கொடுத்த மாவு. கோபம் இன்னும் போகவில்லை. அவர் மேலா, பார்த்தும் பார்க்காத என் மேலா, தெரியவில்லை.

மார்ச் 14

தாளில் 'பிளாசிபோ' என்றே போட்டுவிட்டேன். "இதுக்கா இத்தனை நாள்?" என்றார் மேலாளர். நாளை கடையைக் காலி செய்யப் போகிறோம்.

சாயங்காலம் டீயை மேசையில் வைக்காமல் அவர் கையிலேயே கொடுத்தேன். என்னைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார். கொஞ்சம் சட்டையில் சிந்தியது. சூடாக இருக்கும்போதே குடித்தார்.