பூசணிக்காய்க்குச் சொன்ன பெயர்

தச்சநல்லூர், 1911

அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் சுகம், தோட்டமும் சுகம்.

வீட்டையும் பின்னாலுள்ள தோட்டத்தையும் உங்கள் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு, அம்மா வீட்டுக்குப் போகும்படி கண்டியிலிருந்து எழுதியிருந்தீர்கள். காரணம் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

போன ஞாயிறு நம் சபைக் கோயிலில் அறுப்பின் பண்டிகை. நான் தலையில் சுமந்து போய்ப் படைத்த பூசணிக்காயை ஏலம் விடக் கையிலெடுத்த உபதேசியார், வழக்கம்போல வீட்டு ஆண்பிள்ளை பெயரைத்தான், உங்கள் பெயரைத்தான், சொன்னார். நான் பாயிலிருந்து எழுந்தேன்.

"அவுக கண்டில இருக்காக ஐயா. இது நான் தண்ணி கோரி வளத்தது. எம் பேரச் சொல்லுங்க."

"ஏளா, உக்காரு. சபை சிரிக்கப் போவுது" என்றார் உங்கள் அண்ணன்.

யாரும் சிரிக்கவில்லை. உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு என் பெயரைச் சொன்னார்.

தோட்டத்தை நான் விடுவதாயில்லை. அவரைக்குப் பந்தல் போட்டாயிற்று, வேலியும் அடைத்தாயிற்று. அங்கே உங்களுக்குச் சோறு பொங்குகிறவளுக்குப் பூசணி பிடிக்குமோ என்னவோ. இங்கே விதைகளைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்திருக்கிறேன். ஒன்றுகூடக் கடல் தாண்டாது.

இப்படிக்கு,
தோட்டத்துக்காரி