விரல் நின்ற வரி

சுக்கு வாசனை வந்தாலே நீ வந்துவிடுகிறாய். இன்று மட்டாஞ்சேரி கிடங்குத் தெருவில் பஸ்ஸுக்கு நின்றபோதும் வந்தாய்.

தொண்ணூறுகளில் நாம் அங்கே சுக்கு தரம் பிரித்தபோது, மாடிப்படி நடுவில் நின்று கொண்டையை அவிழ்த்து அவிழ்த்து முடிவாய். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் என்று எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை. உதடு நீலம் பாரித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நுரையீரலில் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்றார் டாக்டர். தொடை வழியாகக் குழாய் விட்டு, இதயத்தின் நடுச்சுவரில் பலூனால் சிறு ஓட்டை போட்டால் சுமை குறையும். நோய் போகாது, நடமாட்டம் லேசாகும் என்றார்.

"எல்லாரும் ஓட்டைய அடைக்கப் போவாங்க. எனக்குப் போடறாங்களாம்டீ!" என்று சிரித்தாய். ஆனால் குறித்த நாளில், சொல்லாமல் கொள்ளாமல் பள்ளுருத்தி பஸ் ஏறி வீட்டுக்கு ஓடியவளும் நீதான்.

அதனால்தான் இரண்டாம் முறை போனபோது நான் ஒரு தப்பைச் செய்தேன். சம்மதத் தாள் மலையாளத்தில் இருந்தது. உனக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். வரிவரியாக விரல் வைத்து உனக்குத் தமிழில் சொல்லிவந்த நான், உயிர் போகவும் கூடும் என்ற வரியை மட்டும் தாண்டிவிட்டேன். நீ கையெழுத்துப் போட்டாய். உன்னை ஏமாற்றி உள்ளே அனுப்பிவிட்டேனே என்று வெளியே நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

பிழைத்து வந்தாய். சில வாரம் கழித்து, அதே மாடிப்படியை ஒரே ஒரு தடவை மட்டும் நின்று ஏறிவந்து, சாயா குடித்துக்கொண்டே சொன்னாய்: "நீ ஒரு வரிய விட்டுட்டேல்ல? வெரலு அங்கன நின்னுச்சு, வாயி மிண்டல. என்ன வரின்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ வாயால சொல்லியிருந்தா பேடிச்சு எந்திரிச்சுப் போயிருப்பேன். சொல்லல, ஒப்பு போட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "போதும்டீ. இனிமே விடாம படி" என்றாய்.

அதற்குப் பின் மூன்றாவது மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியபோது தந்த தாளை விடாமல் படித்தேன். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்ற இடத்தில் விரல் நின்றது. அந்த விரலைப் பிடித்துக்கொண்டு, "ம், படி" என்றாய். படித்தேன்.

இப்போதும் நம் தெருக்காரர்கள் ஆஸ்பத்திரித் தாள்களை என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். ஒரு வரியும் விடுவதில்லை. அப்படிப்பட்ட வரி வரும்போது முதலில் அவர்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். பிறகுதான் படிக்கிறேன்.