மூன்று ஓலையும் முப்பத்தெட்டுப் பேரும்

அன்பு மகன் அருண்ராஜுக்கு ஆலங்காயத்துக்கு மேலே மலையடியிலிருந்து உன் அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் அம்மா சுகம், நாய் சுகம், நானும் சுகம் என்று சொல்லிக்கொள்கிறேன். புனேயில் உன் சுகத்தை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று உனக்குத் தோன்றும். வாட்ஸாப்பில் அப்பனைத் தடுத்து வைத்திருக்கிற பிள்ளைக்கு வேறு எப்படி எழுதுவதாம், தபால்காரரைத் தடுக்கத்தான் இன்னும் பொத்தான் வரவில்லை. இங்கே மழை நன்றாகப் பெய்தது, சாமை பரவாயில்லை, புளியமரத்தில் இந்த வருஷம் இலைதான் அதிகம். நம் சபைப் பொருளாளர் தேவராஜ் சித்தப்பா புதுப் பல்செட் கட்டியிருக்கிறார், பாட்டில் சில எழுத்து வரும்போதெல்லாம் விசில் வருகிறது, பாடகர் குழுவுக்குப் புல்லாங்குழல் இல்லாத குறை தீர்ந்தது. அம்மா இந்த இடத்தை வாசித்தால் திட்டுவாள், அதனால் அவளிடம் காட்டாமல் ஒட்டிவிடப் போகிறேன்.

உன் தங்கை பூவிழி ஆகஸ்டிலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். புருஷன் பெண்டாட்டி சண்டை, நாலு நாளில் சரியாகிவிடும் என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். அது சண்டை இல்லையப்பா. அந்த ராஜ்குமாருக்குக் கணியம்பாடியில் ஏற்கெனவே ஒரு மனைவி இருக்கிறாள், ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. இதைச் சொல்ல வந்தது அந்த மனைவியின் பக்கத்து வீட்டு ரேணுகாதேவி, நர்ஸ் வேலை பார்க்கிறவள். ஒடுகத்தூர் சந்தையில் அவனையும் பூவிழியையும் ஜோடியாகப் பார்த்துவிட்டு, ஊர் பேர் விசாரித்து, இரண்டு பஸ் மாறி நம் வீட்டுக்கு வந்தாள். அவனுடைய முதல் கல்யாணப் போட்டோவைப் போனில் காட்டினாள். நான் வழக்கம்போல வாயை விட்டேன். இதையெல்லாம் முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா என்று அவளையே அதட்டினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு இன்னாங்க தெரியும், பேஸ்புக்ல உங்க சர்ச்சு பக்கத்த மூணு வருசமா பாத்துக்கினுதான் கீறேன், பசங்க பாட்டு நல்லா இருந்துச்சேன்னு, அந்தக் கிறிஸ்மஸ் நட்சத்திரப் படத்துக்கு அப்புறம் ஒண்ணுமே வர்லியே, கல்யாண ஓலைன்னு ஒண்ணு போட்டிருந்தீங்கன்னா அன்னிக்கே ஓடியாந்திருப்பேன் என்றாள். அவள் நம் சபைகூட இல்லை, மாரியம்மனைக் கும்பிடுகிறவள்.

அவள் சொன்னது நீ ஆரம்பித்த பக்கத்தை. அதை நிறுத்தியது யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வருஷத்துக்கு முன் கமிட்டியில் நீ எழுந்து நின்று, நோயாளிகள் பெயர், கல்யாண ஓலை, சாவுச் செய்தி எல்லாவற்றையும் அந்தப் பேஸ்புக் பக்கத்தில் போடலாம், பிரசங்கத்தை வலைப்பூவில் எழுதலாம், மலைமேல் இருக்கிறவர்களுக்கும் வெளியூர் போனவர்களுக்கும் எட்டும் என்று அழகாகத்தான் பேசினாய். நான் செயலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஏம்ப்பா, மோசே மலையேறினது சிக்னல் தேடியா என்றேன். கூரை அதிரச் சிரித்தார்கள். ஆயர்கூட அங்கியால் வாயை மூடிக்கொண்டார். உன் யோசனை அந்தச் சிரிப்பிலேயே செத்தது. அதோடு விட்டேனா, அதே வாக்கியத்தைக் குடும்பக் குரூப்பிலும் போட்டு, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை ஏழு வைத்தேன். என் வாழ்நாளில் நான் சொன்னதிலேயே நல்ல நகைச்சுவை அதுதான் என்று ரேணுகாதேவி வருகிற வரைக்கும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பூவிழிக்கு ஓலை வாசித்தது நானேதான். ஆயர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதானே வருகிறார். மூன்று ஞாயிறும், இவர்கள் இணையத் தடை ஏதும் அறிந்தவர் இருந்தால் தெரிவிக்கலாம் என்று, பெண்ணைப் பெற்றவன் குரலில், கொஞ்சம் ராகம் போட்டே வாசித்தேன். உட்கார்ந்திருந்தது முப்பத்தெட்டுப் பேர், நான் எண்ணினேன். முப்பத்தெட்டுப் பேரும் நிச்சயதார்த்தப் பிரியாணி சாப்பிட்டவர்கள். வெளியே ஆடு கத்தியது, அதைத் தவிர யாரும் ஆட்சேபிக்கவில்லை. மாப்பிள்ளை தரப்பில் ஓலை வாசித்ததாக அவன் கொண்டுவந்த கடிதத்தில் முத்திரை பளிச்சென்று இருந்தது, முத்திரையைப் பார்த்து மெச்சினோமே தவிர அந்த ஜெபவீடு எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. ஓலை வாசிப்பதே நமக்குத் தெரியாத யாருக்கோ அது கேட்க வேண்டும் என்பதற்குத்தானே. தெரிந்தவர்களுக்கே மூன்று தரம் வாசித்தது ஒப்பாரிக்கு ஒத்திகை பார்த்த மாதிரி ஆயிற்று.

போன ஞாயிறு கமிட்டியில் இதை நானே எழுந்து சொன்னேன். பக்கம் திறக்க வேண்டும், ஆயர் பிறந்தநாளுக்கு மாலை போட்ட படம் போட அல்ல, அப்படி நடத்துகிற சபைகளை நானும் பார்க்கிறேன், ஓலையும் நோயாளிகள் பெயரும் சாவும் நாலு ஊருக்குத் தெரிய வேண்டும் என்றேன். தேவராஜ் புதுப் பல்லைக் காட்டி, இன்னா செயலாளரே, மோசே மலையேறினது சிக்னல் தேடியா என்றார், விசிலோடு. நான் சொன்னபோது சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தார்கள். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. தீர்மானம் தள்ளிப்போனது. நீ அன்றைக்கு எப்படி வெளியே நடந்து போனாய் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இதில் கசப்பு என்னவென்றால் அடுத்த ஓலை அதே தேவராஜின் மகள் நதியாவுக்கு. மாப்பிள்ளை ஓசூர் பக்கம், நல்லவனாகவும் இருக்கலாம், ராஜ்குமாரும் நல்லவனாகத்தான் இருந்தான். அடுத்த மாதம் முதல் ஞாயிறு ஆரம்பம். நேற்று நதியாவே வீட்டுக்கு வந்து, பெரிப்பா, அக்காவுக்கு ஆனது எனக்கு ஆவ வேணாம், அப்பா இன்னா சொன்னாலும் சரி, என் ஓலைய அண்ணன் பக்கத்துல போடச் சொல்லுங்க, திட்டு நான் வாங்கிக்கிறேன் என்று சொல்லி இரண்டு பேர் போட்டோவையும் கொடுத்தாள். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். ஓலையை எழுதியது பூவிழி, கையெழுத்து உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை. நதியாவுக்கு என்றதும் பேனாவை மட்டும் எடுத்தாள். பக்கத்தின் சாவி உன்னிடம்தான் இருக்கிறது. எனக்காகத் திறக்க வேண்டாம், நான் கேட்கத் தகுதியில்லாதவன். அந்தப் பெண்ணுக்காகத் திற.

உடம்பைப் பார்த்துக்கொள், வெளிச் சாப்பாட்டில் எண்ணெயைக் குறை, இரண்டு சக்கர வண்டியில் தலைக்கவசம் போடு. நீ நடக்கிற வழியெல்லாம் கர்த்தர் கூட இருக்கட்டும், எங்களைப் போன்றவர்கள் சிரித்துக் கெடுத்ததை அவர் உன் கையால் சரி செய்யட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, முதல் ஞாயிறுக்கு முன். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற பாறைமேல் ஏறி நிற்கிறேன், பக்கத்தில் அந்தப் பழைய நட்சத்திரப் படத்துக்கு மேலே ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்க. மோசே எதற்கு ஏறினாரோ தெரியாது, உன் அப்பன் சிக்னல் தேடித்தான் ஏறுகிறேன்.

உன் பதிலுக்குப் பாறையில் காத்திருக்கும்,
அப்பா சிங்காரம்