கட்டிலை முன்னால் அனுப்பிய வார்டன்

தென்காசி
விஷு வருஷம், பங்குனி மாதம்

சிரஞ்சீவி நயினாருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சியும் சுகம். உன் சுகத்தைக் கேட்டு எழுத இன்றைக்கு மனசு வரவில்லை, உன் கட்டில் சுகமாய் வந்து சேர்ந்தது என்று மட்டும் தெரிந்துகொள். மெத்தை, கிராமபோன், புஸ்தகப் பெட்டி ஒன்றும் சேதமில்லை. ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று ரயில் ரசீதோடு சீட்டு வைத்திருந்தாய். ஏலே, கட்டில் நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு மாட்டுவண்டியில் ரதவீதி வழியாக வந்தால் யாருக்குத் தெரியாது? வண்டிக்காரனே, மெட்ராஸ் போச்சாம்மா, ஜப்பான்காரன் வந்துட்டானா என்று கேட்டான். உன் அப்பா, பிள்ளை முன்யோசனைக்காரன் என்று பூரித்துப் போனார்கள். பொய் சொல்வானேன், எனக்கும் முதலில் சந்தோஷம்தான். நீ துறைமுகத்துப் பக்கத்தில் இருக்கிறாய் என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கியே வெகுநாளாகிறது.

சாயங்காலம் சுரண்டை இசக்கியப்பன் வந்தார். உன் தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கிற குருவம்மாளின் தம்பி. அக்காவையும் அவள் பெண்பிள்ளைகளையும் ஊருக்கு வரச்சொல்லி எத்தனையோ தடவை கூப்பிட்டும் அசையமாட்டேன் என்கிறாளாம். நம்ம ஊர்த் தம்பி ஏ.ஆர்.பி. வார்டன், குண்டு விழுந்தா தெருவைக் காக்குற ஆளு, இரும்புத் தொப்பியோட வீடுவீடா வந்து, ஒண்ணும் ஆகாது, ஓடுறவன் கோழை, நான் இருக்கேன்னு சொல்லியிருக்காரு, அவரு இருக்கையில எனக்கென்ன பயம்னு அக்கா சொல்லுதா, நீங்க பெத்த தாய், நீங்க என்னம்மா சொல்லுதீக என்று என்னைக் கேட்கிறார். கேட்டுக்கொண்டே உட்கார இடம் பார்த்தார். கூடம் முழுக்க உன் சாமான். தம்பி கட்டிலா என்றார். ஆமாம் என்றேன். நாளைக்கே போய் அக்காவைக் கூட்டிட்டு வந்துருங்க அண்ணாச்சி என்று நானாகத்தான் சொன்னேன். வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். பெத்த பிள்ளையைக் காட்டிக் கொடுத்துட்டியேட்டி என்று உன் அப்பா கத்தினார்கள், இந்நேரம் வரை என்னோடு பேச்சில்லை.

தை மாதம் நீ எழுதிய காகிதம் ஞாபகமிருக்கிறதா? ஜப்பான்காரன் குண்டு போட்டதும் பினாங்கில் வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஆட்களை மட்டும் சத்தமில்லாமல் கப்பலேற்றிவிட்டு ஊர்க்காரர்களை விட்டுவிட்டுப் போனதைப் பக்கம் பக்கமாய்த் திட்டியிருந்தாய், இவர்களா ஆளத் தகுந்தவர்கள் என்று. அவர்களுக்குக் கப்பல், உனக்குக் கூட்ஸ் வண்டி, வேறென்ன வித்தியாசம் என்று நீயே சொல். ஓடி வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லாத இந்தப் பங்குனியிலேயே குற்றாலத்துப் பங்களாக்கள் மெட்ராஸ்காரர்களால் நிரம்பிக் கிடக்கின்றன. பயந்தோம், வந்தோம் என்கிறார்கள், நேர்மையான பேச்சு. அம்மா எனக்குப் பயமாயிருக்கிறது என்று நீ ஒரு வரி எழுதியிருந்தால் நானே ரயிலேறி வந்து உன்னைக் கூட்டி வந்திருப்பேன். உன் பயத்தைத் தெருவுக்குச் சொல்லாமல் கட்டிலுக்கு மட்டும் சொன்னாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சர்க்கார் சொல்லச் சொன்னதைச் சொன்னேன் என்று பதில் எழுதாதே. வாய் சர்க்காருடையது என்றால் கட்டில் யாருடையது?

இசக்கியப்பன் காலை ரயிலுக்குப் போகிறார். காகிதம் உண்டுமா என்று ஆளனுப்பிக் கேட்டார், அவர் குணம் அது. இதை உன் கையில் கொடுத்துவிட்டு அவர் வாசலில்தான் நிற்பார். அவரோடு குருவம்மாள் வீட்டுக்கு நீயும் போ, அவள் பெட்டியை நீ தூக்கு, எழும்பூரில் நீயே ரயிலேற்று. அப்புறம் மற்ற வீடுகளுக்கும் போ, தொப்பியைப் போட்டுக்கொண்டே போ. உங்களை இருக்கச் சொல்லிவிட்டு என் சாமானை அனுப்பினேன், இனி யோசித்துச் செய்யுங்கள் என்று உன் வாயால் சொல். ஏசுவார்கள், ஏச்சை வாங்கிக்கொள். அதன்பிறகு தெருவோடு இருந்தாலும் சரி, தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இங்கே வந்தாலும் சரி, நீ என் பிள்ளை. சொல்லாமல் வந்தாயானால் கட்டிலுக்கு இங்கே இடமிருக்கும், உனக்கு இருக்காது.

வெறும் வயிற்றில் காப்பி குடித்துத் திரியாதே. நம்ம கோயில் உலகம்மை உன்னையும் உன் தெருவையும் சேர்த்தே காக்கட்டும். படித்தது போதும், வாசலில் நிற்கிற மனுஷனை உள்ளே கூப்பிடு.

உன் தாய்,
பார்வதி