மாஸ்டரின் ‘பின்கதவு’

1996 நவம்பர் 4, திங்கள்

காலையில் ஈரப் பனி. கார்க் கண்ணாடி சுரண்டி விரல் விறைத்துப் போனது. மில்லிக்கன் பகுதித் தொழிற்சாலையில் இன்றும் ஐஸ்கிரீம் டப்பா மூடிகள். மூடி, மூடி, மூடி.

பின்னேரம் விழாக்குழுச் செயலாளர் போன். வருகிற 16ஆம் திகதி, சனி, எங்கள் பழைய இசைக்குழுத் தலைவர் மாஸ்டருக்குப் பாராட்டு விழா. வெக்ஸ்போர்ட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். விழா மலரில் போட அவருடைய வாழ்க்கைக் குறிப்பு வேண்டுமாம், மேடையில் நான் கிளாரினெட்டும் வாசிக்க வேண்டுமாம். “அண்ணை, அங்கை கொழும்பிலை அவரின்ரை பாண்ட் குழுவிலை கடைசி வரைக்கும் கிளாரினெட் வாசிச்ச ஆள் நீங்கள்தானே. நீங்கள் எழுதாமல் வேறை ஆர்?” ஓம் என்று விட்டேன். எனக்கு வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது.

மனைவி பவளம் சமையலறையிலிருந்து: “அப்ப ‘பின்கதவை’ப் பற்றி என்ன எழுதப் போறியள்?”

மீன் பொரியல் கருகல்.

நவ. 5, செவ்வாய்

எழுத உட்கார்ந்தேன். பிறப்பு, பாதிரியார் பள்ளிக்கூடத்தில் பியானோ, கொழும்பு ஹோட்டல்களில் ஜாஸ், வானொலி. அது வரைக்கும் சிக்கல் இல்லை.

மாஸ்டரின் புகழ் முழுக்க ஒரு மெட்டில் நிற்கிறது. ‘பின்கதவு’. வானொலியில் போடாத நாள் இல்லை. சலூன்காரன்கூட விசிலடித்தான். அதன் முதல் வரி என்னுடையது. வாத்தியக்காரர் உள்ளே போவது ஹோட்டலின் பின்கதவால்தான். அங்கே வெங்காயக் கூடைகளுக்கு நடுவில் நின்று கிளாரினெட்டைச் சூடாக்க எதையோ ஊதிக்கொண்டிருந்தேன். அந்த வழியால் போன மாஸ்டர் நின்றார். “உதைத் திரும்ப வாசியும்.” ஊதிய அந்த வரியைத் திரும்ப வாசித்தேன். சிகரெட் பெட்டி மட்டையில் குறித்துக்கொண்டார். அடுத்த கிழமை மேடையில் பாண்ட் முழுவதும் வாசித்தது. இசையமைப்பு: மாஸ்டர்.

எல்லோரிடமும் அப்படித்தான் எடுத்தார். ட்ரம்பெட்காரனின் இருமல்கூடத் தப்பவில்லை. நியாயமாகச் சொன்னால் நான் கொடுத்தது ஒரு வரி. மற்றதெல்லாம் அவர் கட்டியது. அந்த ஒரு வரியை நான் அதற்குப் பிறகு வீட்டில் ஊதியதே இல்லை.

நவ. 7, வியாழன்

ரூஜ் பகுதியில் மகள் வீட்டிலிருந்து மாஸ்டர் போன், போனுக்கு மேல் போன். கட்டளைகள்:

கோட் போட்ட படம்தான் வேண்டும்.
இரண்டாம் கலியாணம் வேண்டாம்.
முதலாம் கலியாணமும் வேண்டாம்.

கடைசியாக, எவரையும் கூப்பிடும் அந்த ‘ஐசே’யோடு: “ஐசே, ‘பின்கதவு’க்கு ரெண்டு பந்தி போடும். மழை பெய்யேக்கை கடற்கரையிலை தனிய நிண்டு யோசிச்சனான் எண்டு.”

“மாஸ்டர், அது ஹோட்டல் பின்கதவடி.”

“அப்பிடியே? எனக்குக் கடற்கரை எண்டுதான் ஞாபகம்.”

கடலுக்கு எங்கே ஐயா பின்கதவு? மறதியா, நடிப்பா? இந்த மனிதரோடு இத்தனை வருடம் இருந்தும் எனக்குத் தெரியாது.

நவ. 9, சனி

உடுப்புத் தோய்க்க அடுத்த பிளாசாவிலுள்ள சலவைக் கடை வரை நடை. எங்கள் மெஷின் மறுபடியும் மக்கர்.

பவளம்: “உங்கடை பேரைப் போடுங்கோப்பா. மனிசனுக்கு எண்பது நெருங்குது. இப்ப போடாட்டி பிறகு எப்ப?”

பெயர் போட்டு ஒன்று எழுதினேன். கிழித்தேன். போடாமல் ஒன்று. அதையும் கிழித்தேன். ஆசை இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும். ஒரு வரி, அச்சில், பிள்ளைகள் பார்க்க.

நவ. 10, ஞாயிறு

செயலாளரிடம் கொடுத்தாயிற்று. “இம்மெட்டு, ஹோட்டல் பின்கதவடியில் கிளாரினெட்காரர் ஒருவர் ஊதிய வரியிலிருந்து பிறந்தது.” ஒருவராம்! சொந்தப் பெயரை எழுதக் கை வரவில்லை. பவளம் பிரதியை வாசித்தாள். கத்தரிக்காய் வெட்டப் போனாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவ. 14, வியாழன்

மலர் வந்தது. வழவழப்பான தாள். கிளாரினெட்காரர் ஒருவரும் இல்லை. கடற்கரை இருக்கிறது. மழை இருக்கிறது. போதாததற்குத் ‘தனிமை’யும் இருக்கிறது.

செயலாளர்: “மாஸ்டர் தானே போன் எடுத்து மாத்தச் சொன்னவர் அண்ணை. நான் என்ன செய்ய?”

ஆக, மறதி இல்லை. சனிக்கிழமை போக மாட்டேன். அவரே விசிலடிக்கட்டும்.

நவ. 16, சனி

போனேன். பவளம் கோட்டை அயர்ன் பண்ணிக் கதவில் தொங்கவிட்டிருந்தாள். கோட் பொத்தான் பூட்ட எட்டவில்லை.

விழா மூன்று மணிக்கு என்று போட்டு நாலரைக்குத் தொடக்கம். விளக்கு. வரவேற்புரை. வாழ்த்துரைகள். ஒருவர் ஜாஸை “மேல்நாட்டுப் பஜனை” என்றார், சனம் கைதட்டியது. பொன்னாடைக்கு மேல் பொன்னாடை. இசைக்கு மிஞ்சியது பத்து நிமிடம். பத்தே பத்து!

திரைக்குப் பின்னால் கிளாரினெட்டைப் பொருத்தினேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. எதை ஊதுகிறேன் என்று தெரியாமலே ஊதினேன். பக்கத்தில் மாஸ்டர், சக்கர நாற்காலியில், பொன்னாடைகளுக்குள் பாதி புதைந்து. கண் மூடியிருந்தது. தூங்குகிறார் என்று நினைத்தேன்.

“ஐசே.”

“என்ன மாஸ்டர்?” மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

“உதைத் திரும்ப வாசியும்.”

“எதை?”

“இப்ப கோவத்திலை ஊதினீர், அதை.”

மலரை மடியில் விரித்து, தன் வாழ்க்கைக் குறிப்புக்கு மேலேயே பேனையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடற்கரைப் பந்திக்குப் பக்கத்தில் இசைக்குறிப்பு எழுத ஐந்து கோடு ஏற்கெனவே இழுத்தாயிற்று.

“முதல்லை என்ரை பேரை எழுதுங்கோ மாஸ்டர்.” கேட்டே விட்டேன்.

“இன்னும் மெட்டே வரேல்லை. பேருக்கு என்ன அவசரம்? வாசியும்.”

வெளியே எங்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள். வாசித்தேன். இரண்டு தரம். இரண்டாம் தரம் இன்னும் நன்றாக வந்தது, சனியன்.